‘ஸ்மார்ட்’ என்றால் அறிவாளியா, அழகனா, அவசரக்காரனா?

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு தங்கும் விடுதியின் இணையப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை கையில் இருக்கிறது. மாலை உணவுக்கு வருபவர்கள் ‘ஸ்மார்ட் காஷுவல்’ உடையில் வர வேண்டும் என்று அதில் ஒரு வரி. வாடிக்கையாளர் ஏற்கெனவே இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை அனுப்பி, “கொஞ்சம் தட்டிக் கொடுத்தால் போதும்” என்கிறார். அந்தத் தமிழ் இதுதான்: “விருந்தினர்கள் புத்திசாலித்தனமான சாதாரண உடையில் வரவும்.” சட்டைக்கு ஏது புத்தி?

அதே கோப்பில் ‘ஸ்மார்ட் டிவி’ வருகிறது, அறைக் கதவுக்கு ‘ஸ்மார்ட் பூட்டு’ வருகிறது, வரவேற்பில் ‘ஸ்மார்ட் ஊழியர்கள்’ நிற்கிறார்கள், விடுதியிலிருந்து கடற்கரைக்கு ‘ஸ்மார்ட் நடை’ நடந்தால் பத்து நிமிடம் என்கிறது. இயந்திரம் எல்லாவற்றையும் புத்திசாலி ஆக்கிவிட்டது. ஸ்மார்ட் என்று அப்படியே தமிழில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான். நடைக்கும் ஊழியருக்கும் அது செல்லாது. இந்தப் பெயரடைக்கு உண்மையில் எத்தனை முகம்? எங்கே எதைப் போடுவீர்கள்?

கரும்பலகை எழுதியது:

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன் என்ற முறையில் முதலில் உடையைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரிட்டனில் ஒருவர் மற்றவரைப் பார்த்து “இன்று மிகவும் ஸ்மார்ட்டாக இருக்கிறீர்கள்” என்றால், அவர் மூளையைப் பாராட்டவில்லை. சட்டை இஸ்திரி போட்டிருக்கிறது, காலணி மின்னுகிறது, தலை படிய வாரியிருக்கிறது என்று பொருள். நம் ஊர் ஆங்கிலம் அந்த வழியில் வந்ததால்தான் ‘பையன் ஸ்மார்ட்டாக இருக்கிறான்’ என்று பெண் வீட்டார் சொல்லும்போது அவனுடைய மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை.

ஆனால் இங்கே ஒரு வழுக்கல் நேர்ந்துவிட்டது. நாம் அதை ‘அழகு’ என்று ஆக்கிக்கொண்டோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. மன்மதனே வந்தாலும் கசங்கிய சட்டையோடு வந்தால் அவன் ஸ்மார்ட் இல்லை. சுமாரான முகமுள்ள ஒருவர் நேர்த்தியாக உடுத்தி நிமிர்ந்து நின்றால் ஸ்மார்ட். ஆகவே ‘நேர்த்தி’, ‘மிடுக்கு’ என்ற இரண்டு சொற்களுக்குள் இந்தப் பொருள் அடங்கிவிடும். உங்கள் உணவகத்துக்கு ‘நேர்த்தியான இயல்பு உடை’ என்று எழுதலாம். கூடவே ஒரு வரி விளக்கம் கொடுத்தால் இன்னும் நல்லது: காலர் வைத்த சட்டை, முழுக் கால்சட்டை, மூடிய காலணி போதும், டை வேண்டாம், அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. இவ்வளவுதான் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் சொல்வது.

இடையில் ஒன்று. கஞ்சி போட்டு மடித்த வேட்டியைவிட ஸ்மார்ட்டான உடை இந்த நாட்டில் உண்டா? ஆனால் 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தடையை உடைத்தது. உங்கள் வாடிக்கையாளரிடம் வேட்டிக்கும் அனுமதி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

டல்லாஸ் தமிழச்சி எழுதியது:

ஐயா சொல்வது லண்டன் கணக்கு. இங்கே அமெரிக்காவில் ஸ்மார்ட் என்றால் முதலும் முக்கியமுமாக மூளைதான். பள்ளியில் ஆசிரியை “உங்கள் மகள் ரொம்ப ஸ்மார்ட்” என்றால் கவுனைப் பற்றிப் பேசவில்லை, கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறார். ‘இன்டெலிஜென்ட்’ என்பதை இவர்கள் வீட்டுப் பேச்சில் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அது கொஞ்சம் விறைப்பான சொல். அந்த இடத்தில் ஸ்மார்ட் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இதே சொல்லுக்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகனிடம் “பல் தேய்த்தாயா?” என்று கேட்டார். அவன் “எந்தப் பல்லை என்று நீங்கள் சொல்லவில்லையே” என்றான். உடனே அம்மாள் குரலைத் தாழ்த்தி, “டோன்ட் கெட் ஸ்மார்ட் வித் மீ” என்றார். இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் உறவினர் ஒருவர் திகைத்துப்போய், “என்ன ஊர் இது, பிள்ளையை அறிவாளி ஆகாதே என்கிறார்களே!” என்று என்னிடம் கேட்டார். அங்கே பொருள், ‘என்னிடம் வாய்த்துடுக்கு வைத்துக்கொள்ளாதே’ என்பது. ‘ஸ்மார்ட் மவுத்’ என்றால் துடுக்கு வாய். ‘ஸ்மார்ட் அலெக்’ என்றால் அதிகப்பிரசங்கி. நம் ஊரில் ‘ஓவர் ஸ்மார்ட்’ என்று ஒன்று சொல்கிறோமே, அந்தக் கூட்டணியை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இவர்களுக்கு ‘ஓவர்’ தேவையில்லை. குரல் மாறினால் போதும்.

வேர்ச்சொல் வேட்டை எழுதியது:

எல்லோரும் ஆங்கிலேயனிடமே நின்றுவிட்டீர்கள். ஸ்மார்ட் என்பது நம் ‘சமர்த்து’ தானே! சமர்த்து, சமார்த்து, ஸ்மார்ட். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. கப்பலேறிப் போன சொல் கோட்டு சூட்டு போட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ரைன் கரை எழுதியது:

ஆதாரம் நிறையவே வேண்டும், நண்பரே.

சமர்த்து என்பதன் மூலம் ‘ஸமர்த்த’ என்ற வடசொல். அது ‘ஸம்’, ‘அர்த்த’ என்று இரண்டாகப் பிரியும். ஆங்கில ஸ்மார்ட் அப்படிப் பிரியாது. அது கூட்டுச் சொல்லே அல்ல. அதன் உடன்பிறப்புகள் எல்லாம் நான் வசிக்கும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஜெர்மன் மொழியில் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்றால் வலி. மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கத் தினமும் புழங்கும் சொல். டச்சு மொழியில் ‘ஸ்மார்ட்’ என்றே ஒரு சொல் உண்டு, பொருள் துயரம். அழுகாச்சிப் பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்மார்ட்லாப்’.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லின் முதல் பொருள் வலிதான். பழைய ஆங்கிலத்தில் ஒரு சாட்டையடியோ காயமோ சுரீரென்று எரிந்தால் அது ஸ்மார்ட். இன்றும் வினைச்சொல்லாக அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. வெங்காயம் நறுக்கும்போது கண் ‘ஸ்மார்ட்’ ஆகும். தேர்தலில் தோற்ற கட்சி அந்தத் தோல்வியில் இன்னும் ‘ஸ்மார்ட்’ ஆகிக்கொண்டிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதும். தமிழில் இதற்கு நூல் பிடித்தாற்போல ஒரு வினை உண்டு: காந்துதல். மிளகாய் அரைத்த கை காந்துகிறது அல்லவா, அதுதான்.

அந்த எரிச்சலிலிருந்து சொல் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். முதலில் வலிக்கிற அடி. பிறகு பலமாகவும் விரைவாகவும் விழுகிற அடி. சுமார் 1300 வாக்கில் விரைவு, துடிப்பு என்ற பொருள் எழுத்தில் வந்துவிட்டது. அதன்பின் விரைவாகப் பதில் சொல்லும் நாக்கு, விரைவாகப் பிடித்துக்கொள்ளும் மூளை. உடைப் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. டல்லாஸ் சகோதரி சொன்ன பக்கத்து வீட்டு அம்மாள் இந்தக் கதை எதுவும் தெரியாமலே அடி வேரைத் தொட்டுவிட்டார்: பையனின் பதில் அவரைச் சுரீரென்று குத்தியது.

வேர்ச்சொல் வேட்டை எழுதியது:

ஜெர்மன்காரனுக்கு வலி, டச்சுக்காரனுக்கு அழுகை, ஆங்கிலேயனுக்கு மட்டும் எப்படி அறிவு? இதை நம்புகிறவர்கள் நான் சொன்னதை நம்ப மறுப்பது வேடிக்கை. வலியும் விரைவும் ஒரே சொல்லில் எந்த மொழியிலாவது சேருமா?

யாழ் முற்றம் எழுதியது:

சேரும். உங்கள் மொழியிலேயே சேரும்.

எங்கள் ஊரில் ஒருவரை விரைவாக வரச் சொல்ல ‘சுறுக்காக வா’ என்போம். ஊசி குத்தினால் ‘சுறுக்கென்று’ வலிக்கும். ஒரே அடிச்சொல். சுறுசுறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் சுறுசுறுப்பு என்கிறோம். புண்ணில் மருந்து பட்டாலும் சுறுசுறு என்றுதான் எரிகிறது. ‘விறுவிறு’ என்பதும் அப்படித்தான். விறுவிறு என்று நடந்தார் என்கிறோம், தேள் கொட்டிய இடம் விறுவிறுக்கிறது என்றும் சொல்கிறோம். ஆங்கிலேயர் சாட்டையடியிலிருந்து விரைவுக்குப் போனதும் நாம் தேள் கொடுக்கிலிருந்து விறுவிறுப்புக்குப் போனதும் ஒரே தடம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. குத்துப்பட்ட உடம்பு எந்த நாட்டிலும் துள்ளத்தான் செய்யும்.

மொழிபெயர்ப்பு மேசை அவர்களே, உங்கள் ‘ஸ்மார்ட் நடை’க்கு விடை கிடைத்துவிட்டது. ‘விறுவிறு என்று நடந்தால் பத்து நிமிடம்’.

கரும்பலகை எழுதியது:

யாழ் முற்றத்துக்கு என் வணக்கம். வகுப்பறையில் இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பல பாட வேளைகள் மிச்சமாகியிருக்கும்.

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலக் கதைகளில் முதலாளி வேலைக்காரனிடம் “லுக் ஸ்மார்ட்!” என்று கத்துவார். மாணவர்கள் ‘அழகாகத் தெரி’ என்றும் ‘புத்திசாலி போலப் பார்’ என்றும் எழுதுவார்கள். பொருள் ‘ம், சீக்கிரம் ஆகட்டும்!’ அவ்வளவே. இன்று இந்தப் பயன்பாடு அரிதாகிவிட்டது. தேர்வுத்தாளில் மட்டும் சாகாமல் இருக்கிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் ஸ்மார்ட்டுக்கு ‘சூட்டிகை’ என்ற அருமையான சொல்லை நாம் அநியாயமாக மறந்துவருகிறோம். ‘சூட்டிகையான பிள்ளை’ என்றால் சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், துறுதுறு என்று இருக்கும். ஆங்கிலச் சொல்லில் உள்ள அத்தனை சாயலும் இதில் உண்டு. சூட்டிகைக்குள் சூடு ஒளிந்திருக்கிறதா என்று வேர்ச்சொல் வேட்டை நண்பர் தேடட்டும். அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே. ‘சமர்த்து’ இந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ‘சமர்த்துப் பிள்ளை’ என்று பாட்டி சொன்னால் அழாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய பிள்ளை என்று பொருள். பல்லைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்ட அந்த அமெரிக்கப் பையன் ஸ்மார்ட்; சமர்த்து அல்ல.

நெறியாளர் எழுதியது:

நண்பர்கள் கவனத்துக்கு: ஒருவர் கருத்தை மறுக்கலாம், அவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது நம் கவலை அல்ல. தொடருங்கள்.

அணிவகுப்பு எழுதியது:

இராணுவத்தில் இருந்தவன் சொல்கிறேன். அங்கே ஸ்மார்ட் என்ற சொல் நாள் முழுவதும் காதில் விழும். அறிவைப் பற்றி ஒரு முறைகூட இருக்காது. ‘ஸ்மார்ட் டர்ன் அவுட்’ என்றால் பெல்ட் பித்தளை முதல் பூட்ஸ் நுனி வரை குறையில்லாத தோற்றம். ‘ஸ்மார்ட் சல்யூட்’ என்றால் கை வெட்டியது போல மேலே போய், நின்று, வெட்டியது போலக் கீழே வர வேண்டும். மெதுவாக அழகாகச் செய்தால் அது நாட்டியம். ரைன் கரை சொன்ன அந்த அடியும் விரைவும், கூடவே ஓசையும் அணிவகுப்பில் ஒன்றாக இருக்கின்றன. காலை ஊன்றும்போது தரை அதிரவில்லை என்றால் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் விட மாட்டார். தமிழில் ‘மிடுக்கு’ இதற்குச் சரி. ‘நேர்த்தி’ போதாது. நேர்த்தியில் சத்தம் கேட்பதில்லை.

மின்கம்பம் எழுதியது:

மனிதர்களை முடித்துவிட்டீர்கள், சாமான்களுக்கு வருகிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். இந்தச் சொல்லால் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

‘ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பில் குறையுமா?’ என்று கேட்கிறார்கள். ஸ்மார்ட் என்றால் அறிவு, அறிவுள்ள மீட்டர் என்றால் நமக்குச் சாதகமாக ஏதோ செய்யும் என்று நினைப்பு. அது ஒன்றும் செய்யாது. ஓடிய யூனிட் ஓடியதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஸ்மார்ட் மீட்டருக்கென்றே ஐஎஸ் 16444 என்று ஒரு தரம் வைத்திருக்கிறது. அதைப் படித்தால் ஸ்மார்ட்டின் அரசாங்கப் பொருள் விளங்கும். மீட்டர் இரு வழியிலும் செய்தி பேச வேண்டும். தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் உள்ளேயே ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கீட்டாளர் படியேறி வந்து, மீட்டர் பெட்டியைத் திறந்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவாரே, அந்த நடை மிச்சம். கட்டணம் கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்க ஆள் வர வேண்டியதும் இல்லை. இதில் அறிவு எங்கே இருக்கிறது? சொன்னவுடன் கேட்கிறது, கேட்டவுடன் சொல்கிறது. சுறுக்கு இருக்கிறது, அவ்வளவுதான். மத்திய அரசு 2021இல் அறிவித்த திட்டத்தில் நாடு முழுவதும் 25 கோடி இத்தகைய மீட்டர் பொருத்த இலக்கு வைத்தார்கள். ஆக, இந்தப் பெயரடை இன்னும் பல கோடிச் சுவர்களில் ஏறப் போகிறது.

சாமான்களுக்கு இந்தச் சொல் முதலில் எங்கே ஒட்டியது தெரியுமா? குண்டில். வியட்நாம் போரில் ‘தான் ஹோவா’ என்ற பாலத்தை உடைக்க அமெரிக்கர்கள் 1965 முதல் மீண்டும் மீண்டும் பறந்தார்கள், பாலம் அசையவில்லை. 1972 மே மாதம் லேசர் வழிகாட்டும் குண்டுகளைப் போட்டுச் சாய்த்தார்கள். ‘ஸ்மார்ட் குண்டு’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததும் அந்த ஆண்டை ஒட்டித்தான். வலி தரும் அடி என்று பிறந்த சொல், பல நூற்றாண்டு சுற்றிவிட்டு இயந்திரத்துக்குள் நுழையும்போது மறுபடியும் அடியாகவே நுழைந்திருக்கிறது.

தொலைபேசிக்கு அது தாமதமாகத்தான் வந்தது. தொடுதிரையும் மின்னஞ்சலும் வைத்து 1994இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமனை இன்று முதல் ஸ்மார்ட்போன் என்கிறோம். விற்றபோது அதன் பெட்டியில் இருந்த பெயர் ‘பர்சனல் கம்யூனிகேட்டர்’.

சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் இந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது. வங்கி அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சில்லு இருக்கும், அது உண்மையான ஸ்மார்ட் கார்டு. தமிழ்நாட்டில் 2017இல் பழைய ரேஷன் புத்தகத்துக்குப் பதிலாக வந்ததும் ‘ஸ்மார்ட் கார்டு’தான். அதில் சில்லு இல்லை. அச்சடித்த க்யூஆர் குறியீடு மட்டும். விற்பனையாளர் கையில் உள்ள கருவிதான் வேலை செய்கிறது. ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் ‘ஸ்மார்ட் கார்டு கொண்டுவந்தீர்களா?’ என்றுதான் கேட்பார்கள்.

சிராங்கூன் சாலை எழுதியது:

மின்கம்பம் ஐயா, இதில் தமிழ் அரசாங்கங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சிங்கப்பூரில் 2014இல் ‘ஸ்மார்ட் நேஷன்’ திட்டம் அறிவித்தார்கள். இங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தமிழ்ப் பெயரும் வேண்டும். ‘அறிவார்ந்த தேசம்’ என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவில் 100 நகரங்களுக்கு ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அது ‘சீர்மிகு நகரம்’ ஆனது. சில நாளிதழ்கள் ‘பொலிவுறு நகரம்’ என்று எழுதின. தொலைபேசிக்கோ ‘திறன்பேசி’. ஆக ஒரே ஆங்கிலப் பெயரடை தமிழில் அறிவு, சீர், பொலிவு, திறன் என்று நான்காக உடைந்திருக்கிறது. ‘பொலிவுறு’ எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. கணினியும் உணரியும் வைத்து நகரை நடத்துவது என்ற பொருளை விட்டுவிட்டு, கரும்பலகை ஐயா சொன்ன இஸ்திரி போட்ட சட்டைப் பொருளை எடுத்து ஒரு மாநகராட்சிக்கு மாட்டிவிட்டார்களே!

கரும்பலகை எழுதியது:

சிரிக்க வேண்டாம். அந்த மொழிபெயர்ப்பாளர் ஒன்று தூங்கிவிட்டார், இல்லாவிட்டால் எல்லோரையும்விட விழிப்பாக இருந்திருக்கிறார். அந்தத் திட்டத்தில் நம் கண்ணுக்குத் தெரிந்தவை எவை? தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை, கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடைபாதையும் விளக்கும், மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்குப் புதுக் கட்டடம். இவை அறிவார்ந்த வேலையா, பொலிவுறு வேலையா? திட்டத்தின் வழிகாட்டிக் குறிப்பிலேயே ஸ்மார்ட் சிட்டி என்பதற்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வரையறை கிடையாது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வரையறை இல்லாத சொல்லுக்கு எந்தத் தமிழைப் போட்டால் என்ன? போட்ட தமிழுக்கு ஏற்ப வேலை நடந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மின்கம்பம் எழுதியது:

அது முழு நியாயம் ஆகாது, ஆசிரியரே. கேமராவும் கட்டுப்பாட்டு அறையும் அந்தத் திட்டத்தில் இருக்கவே செய்கின்றன. நடைபாதை கண்ணில் படும், கம்பி படாது. ஆனால் ‘சீர்மிகு’ என்ற சொல்லில் எனக்குக் குறை இல்லை. பத்து ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்காருகிறது. ‘அறிவார்ந்த திருநெல்வேலி’ என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

காளை கரடி எழுதியது:

பங்குச் சந்தைச் செய்தியைத் தினமும் தமிழில் எழுதும் வேலை எனக்கு. இந்தப் பெயரடை வினையடையாக மாறி ‘ஸ்மார்ட்லி’ என்று வரும்போதுதான் அதிகம் வழுக்குகிறது. ‘காலையில் சரிந்த சந்தை பிற்பகலில் ஸ்மார்ட்லி மீண்டது’ என்று இந்திய வணிக நாளிதழ்கள் எழுதாத வாரம் கிடையாது. அதை ‘சாமர்த்தியமாக மீண்டது’ என்று எழுதிய தமிழை அச்சிலேயே பார்த்திருக்கிறேன். சந்தைக்குச் சாமர்த்தியம் இருந்தால் நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? ‘விறுவிறுவென மீண்டது’, ‘கணிசமாக உயர்ந்தது’ என்று சூழலைப் பார்த்துப் போட வேண்டும்.

‘ஸ்மார்ட் மணி’ என்று இன்னொன்று. இப்போது அதன் பொருள், விவரம் தெரிந்த பெரிய கைகள் போடும் பணம். ‘பெரிய கைகள் எங்கே போகின்றன’ என்று எழுதினாலே நம் வாசகருக்குப் புரிந்துவிடுகிறது.

ரைன் கரை எழுதியது:

காளை கரடிக்கு ஒரு கொசுறு. அந்தத் தொடர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேறு பொருளில் இருந்தது. பணியில் காயமடைந்த மாலுமிக்கும் சிப்பாய்க்கும் கொடுத்த இழப்பீட்டுக்குப் பெயர் ‘ஸ்மார்ட் மணி’. வலிக்குக் கொடுத்த காசு. பிறகு அமெரிக்க நீதிமன்றங்களில், தவறு செய்தவனுக்கு உறைக்க வேண்டும் என்று இழப்பீட்டுக்கு மேல் விதிக்கும் தொகையையும் அந்தப் பெயரால் குறித்தார்கள். பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்குப் பழைய பொருள்தான் பொருத்தம் என்று படுகிறது.

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

‘ஸ்மார்ட் ஊழியர்கள்’ மட்டும் பாக்கி. விடுதியிடமே கேட்டுவிட்டேன். படத்தில் சீருடையோடு நிற்கிறார்களே, அதைத்தான் சொன்னோம் என்கிறார்கள். கேட்காமல் விட்டிருந்தால் ‘துடிப்பான ஊழியர்கள்’ என்று போட்டிருப்பேன். இப்போது ‘மிடுக்கான சீருடையில் ஊழியர்கள்’. பூட்டுக்கும் டிவிக்கும் ‘ஸ்மார்ட்’ என்றே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். ‘திறன் பூட்டு’ என்றால் அறைக்கு வருபவர் சாவியைத் தேடுவாரா அட்டையைத் தேடுவாரா என்று எனக்கே சந்தேகம்.

முதலாண்டு மாணவி எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறார்கள். “நான் ஹார்ட் ஒர்க்கர் அல்ல, ஸ்மார்ட் ஒர்க்கர்” என்று சொன்னால் நல்ல மதிப்பு கிடைக்கும் என்கிறார் பயிற்சியாளர். வெளிநாட்டு நிறுவனத்தாரிடமும் அப்படிச் சொல்லலாமா? தன்னைத்தானே ஸ்மார்ட் என்பது சரியா?

டல்லாஸ் தமிழச்சி எழுதியது:

வேண்டாம், தங்கையே. இங்கே நேர்முகத் தேர்வு எடுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்மார்ட் என்பது மற்றவர்கள் நமக்குக் கொடுக்க வேண்டிய பட்டம். நாமே சூட்டிக்கொண்டால் தற்பெருமையாகக் கேட்கும். அதைவிட மோசம் முதல் பாதி. ‘நான் கடினமாக உழைப்பவள் அல்ல’ என்று ஒருவர் வாயாலேயே சொன்ன பிறகு மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? ‘இந்த வேலையை இவ்வளவு நேரத்திலிருந்து இவ்வளவு நேரமாகக் குறைத்தேன்’ என்று ஒரு கதையைச் சொல். அந்தச் சொல்லை அவர்களே குறிப்பில் எழுதிக்கொள்வார்கள்.

கரும்பலகை எழுதியது:

நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். இலண்டன் நிறுவனம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு, அம்மா. நீ ஸ்மார்ட் என்றதும் அவர்கள் கண் தானாக உன் துப்பட்டா மடிப்புக்குப் போகும். அதை மட்டும் இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

வேர்ச்சொல் வேட்டை எழுதியது:

சூட்டிகையைப் பற்றி நான்கு அகராதிகளை எடுத்து வைத்திருக்கிறேன். தனி இழை தொடங்குகிறேன். ரைன் கரை அங்கே வர வேண்டும்.